தவளைக்குத் தந்த பற்றுச்சீட்டு

முத்துலிங்கத்தின் வாயில் இரண்டு பல் உடைந்த அன்று, அவனுடைய தவளைகள் ஏழில் ஒன்றுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு யாரும் அரசாங்கம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று பழி போடக்கூடாது.

முத்துலிங்கம் திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். வீடு உப்புவெளியில். பெண்சாதி சீதேவி. சண்டைக்கு முந்தி ஏதோ ஒரு வருஷம், கோதுமை இறக்க வந்த கப்பலின் இன்ஜினியர் ஒருவர் நான்கு மரத்தவளைகளை ஒரு போத்தலில் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை உடம்பு, விலாவில் நீலமும் மஞ்சளும் கோடு, செம்மஞ்சள் கால், இரத்தச் சிவப்பில் கண். பகல் முழுக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நித்திரை. பார்த்தால் இலையென்றுதான் நினைக்கத் தோன்றும். கூடவே ஒரு சான்றிதழும் கொடுத்தார். இவை காட்டில் பிடித்தவை அல்ல, மூன்று தலைமுறையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை என்று அதில் எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டிருந்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் முத்துலிங்கத்தை விடவில்லை. ஈரச் சாக்குப் போர்த்திப் பெட்டியைக் குளிரப்பண்ணினான். பிஸ்கற் ரின்னில் சில்லூறுப் பூச்சி வளர்த்தான், அவை தவளைக்குச் சாப்பாடு. முட்டைக்கோதை இடித்துத் தூளாக்கி அந்தப் பூச்சிகளுக்குப் பூசினான். மழை பெய்தால்தான் இந்தச் சாதி முட்டை போடும் என்று தெரிந்ததும், பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்றை வைத்துப் பெட்டிக்குள் மழை பெய்ய வைத்தான். நேரத்துக்கு நேரம் தானாகப் பெய்யட்டும் என்று அதற்கு ஒரு ரைமரும் பூட்டினான். தவளை முட்டை போட்டது, குஞ்சு வந்தது. கிண்ணியாவில் சைக்கிள் திருத்துகிற ஸெய்னுதீனுக்கும் அதே பைத்தியம் என்று கேள்விப்பட்டு ஒரு சோடி கொடுத்தான். மாவட்டத்தில் இந்த வியாதி இந்த இரண்டு பேருக்கும்தான்.

“தாலி கட்டினது எனக்கு, தண்ணி தெளிக்கிறது தவளைக்கு,” என்று சீதேவி வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தவளைகளைக் கண்ணில் காட்டக்கூடாது. புருஷனை மட்டும் நிறையப் பிடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. தவளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. முத்துலிங்கத்தின் பிறப்புப் பத்திரம் ஒரு கலவரத்தில் பதிவுக் கந்தோரோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசியில், ஒரு விடிகாலை, ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லோரையும் கடற்கரை மணலில் முழங்காலில் நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்ட தலையாட்டி இருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவனாக அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் லொறியில் ஏற வேண்டும். அன்றைக்குப் பார்த்துத் தலையாட்டிக்குத் தடிமன். தும்மும்போதெல்லாம் தலை ஆடியது. பதினொரு பேர் லொறியில் ஏறினார்கள். முத்துலிங்கம் ஒன்பதாவது தும்மல்.

தும்மியது சரிதானா என்று பார்க்க அவனை லொறியிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் வீட்டைச் சோதனை போட்டார்கள். வயர், பற்றரி, றப்பர்க் குழாய், ரைமர் எல்லாம் இருந்தன. மூடிய ரின்களுக்குள் ஏதோ கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டும் இருந்தது. இது போதாதா?

“என்னத்துக்கு இது?” என்று கேட்டான் ஒரு சிப்பாய்.

“மழை பெய்ய வைக்கிறதுக்கு, சேர்,” என்றான் முத்துலிங்கம், உள்ளது உள்ளபடி.

துவக்குப் பிடி வாயில் இறங்கியது. பல் இரண்டும் முற்றத்து மணலில் விழுந்தன. விழுந்தவனைச் சப்பாத்துக் காலால் முதுகில் மிதித்தார்கள். இன்னொருத்தன் முழங்கையைத் திருகிய சத்தம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சீதேவிக்குக் கேட்டது. அவள் ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். அவளையும் ஒரு தள்ளுத் தள்ளினார்கள்.

அதற்குள் லெப்டினன்ட் ஒருவர் சான்றிதழைக் கண்டுவிட்டார். அந்நிய நாட்டுச் சான்றிதழ் உள்ள உயிர்ப்பிராணி! அவர் முகம் மாறிவிட்டது. விதிப்படி நடக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். உடனே புத்தகம் வந்தது. ‘மரத்தவளை, பச்சை, உயிருள்ளது – 7. கண்ணாடிப் பெட்டி – 1. சான்றிதழ் – 1’ என்று எழுதி, முத்திரை குத்தி, தாளைக் கிழித்துச் சீதேவியின் கையில் கொடுத்தார். பெட்டியை இரண்டு பேர் குழந்தைப்பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஜீப்பின் முன் ஆசனத்தில் வைத்தார்கள். முத்துலிங்கத்தை நான்கு பேர் கையைக் காலைப் பிடித்து லொறிக்குள் எறிந்தார்கள்.

“இவருக்குத் துண்டு?” என்று கேட்டாள் சீதேவி.

“ஆட்களுக்கான பற்றுச்சீட்டுப் புத்தகம் இன்னும் அச்சடித்து வரேல்ல,” என்றார் லெப்டினன்ட். உண்மையாகவே வருத்தப்பட்டார் போலத்தான் இருந்தது.

துறைமுகத்தடியில் ஒரு பழைய பண்டசாலை. அதன் வாசலில் ‘பொதுமக்கள் நலன்பேண் ஒருங்கிணைப்பு நிலையம்’ என்று மும்மொழியிலும் பலகை தொங்கியது. முன்பக்கம் கந்தோர். பின்பக்கம் யன்னல் இல்லாத ஒரு கட்டடம். அதிலிருந்து வரும் சத்தம் வரிசையில் நிற்கும் பொதுமக்களின் நலனைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக, வானொலியில் பாட்டை உச்சத்தில் வைத்திருந்தார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் விளம்பரம் சொல்கிறவர் மூச்சு வாங்கும் நேரத்தில்தான் ஏதாவது கேட்கும். வரிசையில் நின்ற பெண்கள் அந்த இடைவெளிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அது ஒன்றுதான் தகவல்.

சீதேவி அந்த வரிசையில் ஒன்பது நாள் நின்றாள். மற்றவர்களிடம் பிடிபட்டவர்களின் படம் இருந்தது. அவளிடம் மட்டும் பற்றுச்சீட்டு இருந்தது. அதனால் பத்தாம் நாள் அவளுக்குக் கதிரை கிடைத்தது.

பொறுப்பதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். சுத்தமான மனிதர், நகம்கூட மினுங்கியது. பக்கத்தில் எழுதுவினைஞரும் மொழிபெயர்ப்பாளருமான இராசையா. பழைய ஆள், அதிகாரி தும்மினாலும் இலக்கணச் சுத்தமான தமிழில் மொழிபெயர்க்கக்கூடியவர்.

“என்ர மனிசனப் பாக்க வந்தனான்,” என்றாள் சீதேவி.

அதிகாரி சிங்களத்தில் பேசினார். இராசையா தொண்டையைச் செருமினார். “அதிகாரி அவர்கள் சொல்கிறார்: பற்றுச்சீட்டு வழங்கப்பட்ட எந்த உயிரும் இந்த நிலையத்தில் இன்றுவரை காணாமல் போனதில்லை. பற்றுச்சீட்டு வழங்கப்படாத எதுவும் இங்கே வந்ததே இல்லை. வராத ஒன்று எப்படி அம்மா காணாமல் போகும்? அமைதியாகச் சிந்தித்துப் பாருங்கள். உங்கள் தவளைகள் ஆறும் நலம்.”

“ஏழு ஐயா.”

இராசையா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி யன்னலைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். தவளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கோப்ரலை நியமித்திருந்தார்கள். அவன் தன்னால் முடிந்ததைச் செய்தான். சோறும் பருப்பும் குழைத்து வைத்தான், தின்னவில்லை. அழுக்காக இருக்கிறதென்று சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினான், ஒன்று செத்துப்போனது. நிலையமே ஆடிப்போனது. மூன்று பேர் கொண்ட விசாரணைக்குழு, இருபத்தொரு பக்க அறிக்கை, படங்கள் வேறு. கோப்ரலை மத்தியான வெயிலில் கல்லுக்கு மேல் முழங்காலில் நிறுத்தி, அவன் மயங்கி விழும்வரை முதுகில் இடுப்புவாரால் அடித்தார்கள். அதே கிழமை பின் கட்டடத்திலிருந்து நீளமான உரச்சாக்குகள் மூன்று வெளியே போயின. அவற்றுக்கு அரைப் பக்க அறிக்கைகூடத் தேவைப்படவில்லை.

“மிச்ச ஆறும் இப்ப தின்னுதுகளோ?” என்று கேட்டாள் சீதேவி.

“இல்லை,” என்றார் இராசையா, தன் சொந்தத் தமிழில்.

“அப்ப அதுகளும் சாகும். அதுகளுக்குத் தீன் குடுக்கத் தெரிஞ்சது என்ர மனிசனுக்குத்தான்.”

“அப்படி ஒருவர் இங்கே இல்லையே.”

“அப்ப சாகட்டும்,” என்று சீதேவி கதிரையை விட்டு எழுந்தாள்.

இருபது நிமிஷத்தில் முத்துலிங்கம் கண்டுபிடிக்கப்பட்டான்.

இப்போது புதுச் சிக்கல். இல்லாத ஆளை எந்தப் புத்தகத்தில் பதிவது? ஆட்களின் புத்தகம் அச்சகத்தில். இருப்பது பிராணிப் புத்தகம் மட்டும். அதில் ‘இனம்’ என்ற நிரலில் போடலாம் என்றால், வெளிநாட்டுச் சான்றிதழ் வேண்டும். இராசையா பேனையை உருட்டி உருட்டி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து சொன்னார்: “அம்மா, ‘தீவனமும் உபகரணமும்’ எண்டு ஒரு நிரல் இருக்கு. அதில போட்டா ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது. உங்களுக்குச் சம்மதமோ?”

சீதேவி யோசிக்கவேயில்லை. “ஓம் ஐயா, போடுங்கோ. எங்கயாவது போடுங்கோ.”

அவர் அழகான கையெழுத்தில் எழுதினார். ‘சில்லூறு – 2 ரின். முட்டைக்கோதுத் தூள் – 1 போத்தல். முத்துலிங்கம் – 1.’ சீதேவி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். மை காயவில்லை. பேர் தாளில் ஏறிவிட்டது, இனி அவரைத் துடைத்து எடுக்க இவர்களால் முடியாது என்று நினைத்து, வாசலுக்கு வந்து சந்தோஷத்தில் அழுதாள்.

செய்தி வரிசையில் பரவியது. “கிளிக்கும் எழுதுவினமோ?” என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த திங்கள் வரிசையைப் பார்க்க வேண்டும்! கோழி, ஆடு, வாத்து, வாளிக்குள் ஆமை, ஒருத்தியின் தோளில் குரங்கு. “இது என்ர மகன்ர கையால குடுத்தாத்தான் தின்னும்,” என்று எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். அதிகாரி வெளியே வந்து பார்த்தார், உள்ளே போனார். கொட்டன் தடிகளோடு சிப்பாய்கள் வந்தார்கள். ஐந்து நிமிஷம். ஒருத்தியின் மண்டை பிளந்தது, ஒருத்திக்கு விலா எலும்பு போனது, குரங்கைச் சுட்டார்கள். கோழிகளுக்கும் ஆடுகளுக்கும் பற்றுச்சீட்டு எதுவும் வழங்கப்படவில்லை. அன்று மத்தியானம் நிலையத்துக் குசினியிலிருந்து நல்ல கறி வாசம் அடித்தது.

சீதேவிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் அனுமதி. சில்லூறும், போன மாரிக்குப் பீப்பாவில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரும் கொண்டுவரலாம். முத்துலிங்கத்தை இரண்டு பேர் பின்னாலிருந்து கூட்டிவருவார்கள். தவளைகளைப் பற்றி மட்டும் கதைக்கலாம். வேறு கதை கதைத்தால் பெட்டியை மூடிவிடுவார்கள்.

முதல் செவ்வாய் அவன் வாய் வீங்கியிருந்தது. உடம்பில் இடுப்பில் கட்டிய சாரம் மட்டும்தான்.

“தண்ணி எது?” என்று கேட்டான்.

“மழைத்தண்ணிதான். எங்கட பீப்பாத் தண்ணி.”

“பெட்டிக்குச் சாக்குப் போடச் சொல்லு. சூடு கூடாது.” குரலைத் தாழ்த்தினான். “ஏழு இருக்க வேணும் சீதேவி. துண்டில ஏழு. ஆறெண்டால் என்னட்டத்தான் கேப்பாங்கள்.”

“கேட்டவங்களோ?”

அவன் இடக்கையைச் சாரத்துக்குள் மறைத்தான். ஆனால் அவள் கண்டுவிட்டாள். மூன்று விரலில் நகமில்லை.

“ஸெய்னுதீனிட்டப் போ,” என்றான்.

செவ்வாய்க்குச் செவ்வாய் மிருக வைத்தியர் ஒருவரும் வருவார். தங்கம் நிறுக்கிற தராசில் தவளைகளை ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுவார். நிறுக்கும்வரை முத்துலிங்கம் பக்கத்தில் நிற்க வேண்டும். காலில் நின்றான், பிறகு சுவரில் சாய்ந்து நின்றான், பிறகு சிப்பாய் பிடித்துக்கொள்ள நின்றான். வைத்தியர் ஒருநாளும் தலையை நிமிர்த்தவில்லை.

சீதேவி கிண்ணியாவுக்குப் போனாள். உப்புவெளியிலிருந்து பஸ், சீனன்குடாவில் இறங்கிச் சோதனை, ஏறி இன்னொரு சோதனை, பிறகு மிதப்புப் பாதையில் தண்ணீரைக் கடந்து மற்றொரு சோதனை. ஸெய்னுதீன் கடையின் பின்னறையில் ஐந்து தவளைகள் வைத்திருந்தார். முத்துலிங்கம் கொடுத்த சோடியின் பிள்ளைகள்.

“ஸெய்னுதீன் நானா, ஒண்டு தந்தாக் காணும்,” என்றாள் சீதேவி.

“என்ன தங்கச்சி கேள்வி இது? முத்துலிங்கத்தார் தந்ததுதானே. எடுங்க.” தவளையைத் தேடிப் பிடித்து, ஈரத்துணி போட்ட சாப்பாட்டுக் காரியரின் மேல் தட்டில் வைத்தார். “நீங்க தனியக் கொண்டு போக ஏலா. மணிக்கொருக்கா நனைக்கணும். நானும் வாறன்.”

துறையடியில் இருந்த இராணுவச் சென்றியில் காரியரைத் திறக்கச் சொன்னார்கள். சீதேவி பற்றுச்சீட்டைக் காட்டினாள். சான்றிதழ் பெற்ற தவளையின் பேரப்பிள்ளை என்று விளங்கப்படுத்தினாள். சார்ஜன்ட் எங்கேயோ தொலைபேசி எடுத்துப் பேசினார். எழும்பி நின்றுகொண்டு பேசினார். தவளை போகலாம் என்று முடிவானது. பிறகு ஸெய்னுதீனின் பயணப் பாஸைப் பார்த்தார். அதன் காலம் முந்தின நாளே முடிந்துபோயிருந்தது.

தவளையை நிழலில் வைத்தார்கள். ஸெய்னுதீனை வெயிலில் வைத்தார்கள். ஒரு சிப்பாய் தன் தொப்பியால் தவளைக்கு விசிறினான். இன்னொரு சிப்பாய் இரும்புக் குழாயால் ஸெய்னுதீனின் வலது கையில் அடித்தான். மூன்றாவது அடியில் கை வேறொரு பக்கம் மடிந்தது. அவர் சத்தம் போட்டபோது, தவளை பயப்படும் என்று வாயைப் பொத்தினார்கள்.

மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு விட்டார்கள். கையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, “தவளைக்குத் தண்ணி தெளிச்சீங்களா தங்கச்சி?”

சீதேவி தெருவில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். இந்தத் தவளைகளை இவ்வளவு நாளும் கரித்துக்கொட்டினோமே என்று அழுதாள். இவற்றை விட்டால் தனக்கு வேறு கதி இல்லையே என்றும் அழுதாள். அடுத்த செவ்வாய் ஏழு தவளை கணக்கில் இருந்தது. முத்துலிங்கம் உடைந்த பல்லோடு சிரித்தான். அந்த ஒரு சிரிப்புக்காக அவள் கிண்ணியாவுக்கு நூறு தரம் போகத் தயாராக இருந்தாள்.

ஆவணியில் சந்தைச் சந்தியில் குண்டு வெடித்தது. ஐந்து சிப்பாய்கள், கீரை விற்ற ஒரு கிழவி, பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பிள்ளைகள். கால் ஒன்று கறிவேப்பிலைக் கட்டுக்கு மேல் கிடந்தது. அரை மணித்தியாலத்தில் தெருவில் அகப்பட்டவர்களையெல்லாம் அடிக்கத் தொடங்கினார்கள். நிலையத்தில் வானொலி பழுதாகும்வரை பாட்டு வைத்தார்கள்.

மறுநாள் காலை இராசையா, சீதேவியின் வீட்டுக்கே ஒரு துண்டோடு ஆள் அனுப்பினார். அசம்பாவிதம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டி உடைந்து நான்கு தவளைகள் இறந்துவிட்டன. தொகையை உடனடியாகச் சரிப்படுத்துவது உபகரணத்தின் பாதுகாப்புக்கு நல்லது என்று துண்டில் எழுதியிருந்தது. சீதேவி கிண்ணியாவுக்கு ஓடினாள். ஸெய்னுதீன் ஒற்றைக் கையால் மிச்சம் நான்கையும் பிடித்துக் காரியரில் வைத்தார்.

“இனி என்னட்ட ஒண்டும் இல்ல தங்கச்சி. இந்த நாட்டிலேயே இல்ல. கவனம்.”

அவள் காரியரைக் கந்தோர் வாசலில் கொடுத்தாள். பாதுகாப்பு நிலைமை காரணமாகச் செவ்வாய்ச் சந்திப்புகள் நிறுத்தம் என்றார்கள். “தீன் குடுபடுதோ?” என்று கேட்டாள். “ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறது, எடை கூடியிருக்கிறது,” என்றார் இராசையா. அப்படியென்றால் அவர் இருக்கிறார். செவ்வாய்க்குச் செவ்வாய் அவள் வாசலில் பூச்சியும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, எடை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு திரும்பினாள். எடை கூடக்கூட அவளுக்கு நித்திரை வந்தது. நான்கு செவ்வாய் அப்படிப் போயின.

புரட்டாதியில் அழைப்புக் கடிதம் வந்தது. மேற்படி தவளைகள் வெடிக்கும் தன்மை உடையவை அல்ல என்று நிபுணர்கள் உறுதிப்படுத்திவிட்டார்கள். உரிமையாளர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

சீதேவி முத்துலிங்கத்தின் வெள்ளைச் சேட்டைத் தோய்த்து, இஸ்திரி போட்டு, பையில் வைத்துக்கொண்டு போனாள். சாரத்தோடு அவரை பஸ்ஸில் கூட்டிவர முடியாதே.

கந்தோரில் கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். படம்பிடிக்கிறவர் ஒருவர், இளநீர், மேசைக்கு விரிப்பு. புதுக் கண்ணாடிப் பெட்டியில் ஏழு தவளைகளும் ஒட்டிக்கொண்டு நித்திரை. அதிகாரி எழுந்து நின்று பேசினார். இராசையா ஒரு சொல் விடாமல் சொன்னார்.

“அதிகாரி அவர்கள் சொல்கிறார்: இன்று இந்த நிலையத்தின் வரலாற்றில் பொன்னாள். ஏழு பெற்றோம், ஏழு தருகிறோம். எடை கூட்டித் தருகிறோம். எங்களைப் பற்றி வெளிநாட்டவர்கள் கேட்டால், தயவுசெய்து இந்த ஏழையும் காட்டுங்கள். நாங்கள் பிடித்ததைத் திருப்பித் தருவதில்லை என்று சொல்பவர்கள் வாயை இந்தத் தவளைகள் அடைக்கட்டும். சண்டை நடக்கும் நாட்டில், ஒரு தவளைக்குக்கூட அநீதி நடக்கவில்லை என்று சொல்லக்கூடிய இராணுவங்கள் எத்தனை உண்டு?”

படம்பிடிக்கிறவர் கை தட்டினார்.

“என்ர மனிசன் எங்க?” என்றாள் சீதேவி.

இராசையா பிராணிப் புத்தகத்தைத் திறந்தார். பித்தளை மூலை போட்ட, தூக்கவே இரண்டு கை வேண்டிய புத்தகம். நிரலில் விரலை ஓட்டி வாசித்தார். “சில்லூறு, முடிந்தது. முட்டைக்கோதுத் தூள், முடிந்தது. முத்துலிங்கம்…” நிறுத்தினார். பிறகு உத்தியோகக் குரலிலேயே முடித்தார். “முடிந்தது. ஆவணி இருபத்திரண்டு.”

குண்டு வெடித்த அன்று.

“தீவனம் திருப்பித் தரப்படுவதில்லை அம்மா,” என்று அதிகாரிக்காகச் சொன்னார் இராசையா. “எந்தத் திணைக்களத்திலும் அதுதான் நடைமுறை. நீங்களே சம்மதித்த நிரல்.”

“பிறகு ஆர் இதுகளுக்குத் தீன் குடுத்தது?”

“கோப்ரல்தான். உங்கள் கணவர் அவருக்கு நன்றாகப் பழக்கிக் கொடுத்திருந்தார். அதிகாரி அவர்கள் அதைப் பாராட்டுகிறார்.”

நான்கு செவ்வாய். செத்தவனுக்காக நான்கு செவ்வாய் பூச்சி பொறுக்கியிருக்கிறாள். செத்தவனைக் காப்பாற்ற ஸெய்னுதீனின் பெட்டியை வெறுமையாக்கியிருக்கிறாள். “உடம்பு எங்க?” என்று கேட்டாள். இராசையா புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிப் பேனையை நீட்டினார். ‘அனைத்தும் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தது. படம்பிடிக்கிறவர் கமெராவைச் சரிப்படுத்தினார். அதிகாரி குனிந்து, படத்துக்கு ஏற்ற மாதிரிச் சிரித்தார்.

சீதேவி பேனையை வாங்கவில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி, அந்தச் சிரிப்பிலேயே ஓங்கி அடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் கந்தோர் முழுக்கக் கேட்டது. இரண்டாவது அடியில் பித்தளை மூலை புருவத்தைக் கிழித்தது. “எழுதடா! இதையும் எழுதடா!” என்று கத்திக்கொண்டு மூன்றாவதுக்கு ஓங்கியபோது துவக்குப் பிடி அவள் வயிற்றில் இறங்கியது. விழுந்தாள். முதுகில், விலாவில், தலையில் சப்பாத்துகள் விழுந்தன. கடைசியில் ஒரு கால் கழுத்தில் ஏறி நின்றது. இளநீர் நிலத்தில் ஓடியது. தவளைப் பெட்டியை மட்டும் இராசையா நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தார். தவளை ஒன்றுகூட நித்திரையால் எழும்பவில்லை.

படம்பிடிக்கிறவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பிறகு இராசையா புத்தகத்தைப் பொறுக்கி, இரத்தத்தைத் துடைத்து, பணிவாகக் கேட்டார்.

“சேர், இவவ எந்தப் புத்தகத்தில பதியிறது?”

அதிகாரி கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்த்துச் சொன்னால் கேட்க அங்கே எவரும் மிச்சமில்லை. ஆனாலும் பழக்கதோஷம். நிலத்தில் கிடந்தவளைப் பார்த்து இராசையா சொன்னார்: “அதிகாரி அவர்கள் பதிய வேண்டாம் என்கிறார்.”

அவளைக் காலில் பிடித்துப் பின்பக்கக் கதவை நோக்கி இழுத்தார்கள். கண்ணில் இரத்தம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும் கேட்டது. இராசையா எழுதும்போது சொல்லிச் சொல்லி எழுதுகிறவர்.

“மேற்படி ஏழு தவளைகளையும் பெற்றுக்கொள்ளுமாறு… உரிமையாளருக்கு… முறைப்படி கடிதம் அனுப்பப்பட்டது.” பேனையை மையில் தோய்த்தார். “உரிமையாளர் வரவில்லை.”